இடிக்கும் தாய்

1986 நவம்பர் 18, செவ்வாய்

அகதிகளாய் வந்து தங்கியிருக்கும் பார்க்டேலிலிருந்து ராணியும் நானும் துப்புரவுக்குப் போகும் வீட்டில் ஓர் ஆபிரிக்க மரச்சிலை இருக்கிறது. நெடிய பெண். அடிக்கட்டை உலக்கைபோல் தேய்ந்திருக்கிறது. செனுஃபோ மக்களின் ஆதித்தாயாம். மூத்தவர் இறந்தால் ஆண்கள் அவளைத் தூக்கி நிலத்தில் இடித்து வழியனுப்புவார்களாம். இன்று வீட்டுக்காரி இதைச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

ஊரில் அம்மா இறந்த அன்று ஊரடங்கு. செத்தவீட்டில் உடல்மேல் தூவும் பொற்சுண்ணம் இடிக்க உலக்கை பிடிக்கவும் ஆளில்லை.

தூசு தட்டத் தூக்கியவள் ஒருமுறை இடித்துவிட்டேன். வீடே அதிர்ந்தது. நான் இடித்தேனா, அவளே இறங்கினாளா, தெரியவில்லை.

“உனக்கென்ன விசரே? வேலை போகப் போகுது!” என்று ராணி ஓடிவந்தாள். சிலையின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு போய்க் கதவைச் சாத்தினாள்.

“என்ர அண்ணையின்ர உடம்பே எங்களுக்குக் கிடைக்கேல்லை. அவருக்கும் ஒருக்கா இடியன்.”