அஜக்ஸிலிருந்து ஒரு நேயர்

பெப்ரவரி 3, 1998. செவ்வாய்

காலையில் மழை, பிறகு சேறான பனி. கனடாக் குளிர்காலமும் இந்த வருடம் ஏமாற்றுகிறது. காருக்கு ஒயில் மாற்ற வேண்டும். மகள் தரணியின் பள்ளிக்கூடச் சுற்றுலாத் தாளில் கையெழுத்து. பால், முட்டை, வெங்காயம்.

வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் பழுது. மத்தியானம் வரை கையால் பெட்டி தூக்கியது. நாரி விட்டுப்போச்சு, இடுப்பை நிமிர்த்த ஏலாது. வந்து மலரிடம் சொன்னேன். "ஓம், எண்ணெய் பூசுங்கோ" என்றாள், தலை நிமிராமல். இங்கிலிஷ் பேப்பர் வாசிக்கிறாள், அதிலும் வணிகப் பக்கம். கட்டின நாளிலிருந்து என் முகத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். வியாழன் வருகிறது. வியாழன் எட்டு மணிக்குத் தமிழ் ரேடியோவில் குகன் உலக அரசியல் பேசுவான்.

குகன் எங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவன். ஸ்காபரோ மல்வேர்னில் வேறு பேஸ்மென்டே இல்லையாக்கும். வாடகையை முதலாம் திகதி காலையிலேயே தந்துவிடுவான். அதுவும் எரிச்சல். குறை சொல்ல ஒரு பிடி இல்லை. இனி இந்தக் கொப்பியில் அவன் முழுப் பெயர் எழுதப் போவதில்லை. கு. போதும்.

பெப்ரவரி 5, வியாழன்

வானம் மப்பு. ஒயில் மாற்றவில்லை.

எட்டு மணிக்கு மலர் ரேடியோவைக் குசினி மேசைக்குக் கொண்டுவந்தாள். தமிழ் ரேடியோவுக்கென்றே தனியாக வாங்கிய பெட்டி. வாங்கியவன் நான். கேட்பது அவன் குரல்.

இன்றைய விஷயம் வெளிநாட்டுக் கடனும் வெளிநாட்டு இராணுவ முகாம்களும். கு. சொன்னது: "அமெரிக்காதான் இண்டைக்கு உலகத்திலை பெரிய கடன்காரன். யப்பான்காரன் அதின்ரை கடன் பத்திரங்களை அடுக்கி வைச்சிருக்கிறான். ஆனால் அமெரிக்க ஆமி இருக்கிறது யப்பானிலை. முகாம் செலவிலை ஒரு பங்கும் யப்பான்தான் கட்டுது. கடன் வாங்கினவன் கடன் குடுத்தவன்ரை விறாந்தையிலை கதிரை போட்டு இருக்கிறான். தேத்தண்ணியும் வீட்டுக்காரன்தான்!"

பிறகு கனடா. கனடாவும் ஜெர்மனியில் முகாம் வைத்திருந்ததாம். கடன் கூடிப்போச்சு, செலவு தாங்கேலாதென்று சில வருடங்களுக்கு முன் மூடிவிட்டு வந்துவிட்டதாம். "ஒருத்தன் கடன் எண்டு மூடுறான். மற்றவன் கடன் வாங்கித் திறந்து வைச்சிருக்கிறான்."

மலரின் உதடு அவன் சொல்லச் சொல்ல அசைகிறது. கோயிலில் தேவாரம் கேட்கும்போது அசைவதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவன். "அது அப்பிடியில்லை மலர்..." என்று தொடங்கினேன்.

"உஷ்! கொஞ்சம் பேசாமல் இருங்கோவன்."

என் வீடு. என் ரேடியோ. யாருடைய விறாந்தையில் யார் கதிரை போட்டிருக்கிறான்? ஹீற்றிங் பில் என்னுடையது. வெள்ளிக்கிழமை அவனுக்குக் கீழே போகிற சொதியும் என்னுடையது.

பெப்ரவரி 8, ஞாயிறு

ஒரு பிள்ளையின் பிறந்தநாள், மண்டபத்தில். எங்களுக்குப் பின்வரிசை மேசை. கு.வைச் சுற்றிக் கூட்டம்.

காதில் விழுந்தவை:

"தம்பி, நீர் எம்பசியிலை இருக்கவேண்டிய ஆள்."

"அந்த விறாந்தைக் கதை! நான் காரை ஓரமா நிப்பாட்டிப்போட்டெல்லோ கேட்டனான்."

"மலர், உங்கடை வீட்டிலையோ இருக்கிறார்? குடுத்து வைச்சனீங்கள்."

மலர் சிரித்தாள். வெட்கச் சிரிப்பு. பெண் பார்க்கப் போன அன்று எனக்குக்கூட அப்படிச் சிரிக்கவில்லை. மட்டன் ரோலைப் பாதியில் தட்டில் வைத்தேன்.

என்னிடமும் ஒருவர் வந்தார். "அண்ணை, உங்கடை கார் வழியை மறிக்குது. ஒருக்கா எடுங்கோ."

பெப்ரவரி 10, செவ்வாய்

ஒயில் மாற்றியாச்சு. தரணிக்கு இருமல்.

மலர் டோனட் கடை வேலை முடிந்து நேரே வரவில்லை. லைப்ரரியாம். வந்ததும் ஒரு தட்டில் இடியப்பம் போட்டு மூடிக்கொண்டு கீழே போனாள். நான் ஒரு முழு நாடகம் பார்த்து முடித்தேன், இன்னும் வரவில்லை. இடியப்பத்தை ஊட்டிவிடுகிறாளா?

மேலே வந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம். பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"என்ன அவ்வளவு நேரம் கதைச்சனீங்கள்?"

"யப்பான்."

யப்பானாம்! நல்ல சாட்டு.

தீர்மானித்துவிட்டேன். வியாழன் ரேடியோவுக்கு ஃபோன் எடுப்பேன். எல்லோருக்கும் முன்னால் அவனை மடக்கும் கேள்வி ஒன்று. ஒரே ஒரு கேள்வி. அவன் திணறுவதை மலர் கேட்க வேண்டும்.

பெப்ரவரி 12, வியாழன்

எழுதவே கூச்சம். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மலர் குசினியில் ரேடியோவுடன். சத்தம் முழுவதுமாகத் திறந்து. நான் கோட்லெஸ் ஃபோனோடு படுக்கையறை உடுப்பு அலமாரிக்குள். கதவைச் சாத்திக்கொண்டு, அவளுடைய சேலைகளுக்கு நடுவில். குரலைத் தடிப்பாக்கினேன், ஊரையும் பக்கத்து நகரமாக மாற்றினேன்.

"அஜக்ஸிலிருந்து ஒரு நேயர் கதைக்கிறன்."

"வணக்கம் நேயர். முதல்லை உங்கடை ரேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ. இரைச்சலாக் கிடக்கு."

ரேடியோ மலருக்குப் பக்கத்தில். போய் "மலர், குறை, நான் அஜக்ஸிலை நிக்கிறன்" என்று சொல்லவா முடியும்? சேலை ஒன்றை எடுத்து ஃபோனைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "கடன் குடுத்தவன்தானே பலமான ஆள். அவன் ஏன் இடத்தையும் குடுத்து, செலவையும் குடுத்து, வாயை மூடிக்கொண்டு இருக்கிறான்? எழும்படா எண்டு ஏன் சொல்லுறானில்லை?"

அமைதி. நல்ல நீளமான அமைதி. "அது வந்து... நல்லதொரு கேள்வி நேயர்..." பிறகும் அமைதி. என் நெஞ்சு நிறைந்துபோனது. மடக்கிவிட்டேன்!

அப்போது அலமாரிக் கதவு திறந்தது. தரணி.

"அப்பா! வை ஆர் யூ இன் த க்ளோசட்?"

அடுத்த கணம் அதே குரல் குசினி ரேடியோவிலிருந்தும். அப்பா, வை ஆர் யூ இன் த க்ளோசட். ஸ்காபரோ முழுக்க.

கு. உடனே நகைக்கடை விளம்பரத்தைப் போட்டான். மலர் குசினியிலிருந்து வந்து வாசலில் நின்றாள். என் கையிலிருந்த சேலையை வாங்கி, மடித்து, கொழுவிவிட்டுப் போனாள்.

பெப்ரவரி 13, வெள்ளி

வெயில். வேலையில் ரவி: "என்ன அண்ணை, அஜக்ஸிலை குளிர் எப்பிடி?" லஞ்ச் ரூமில் எல்லோரும் சிரிப்பு. பரவாயில்லை. கேள்விக்குப் பதில் வரவில்லையே. அது போதும்.

மலர் இன்னும் பேசவில்லை. சாப்பாடு மூடி வைத்திருந்தாள். பின்னேரம் கீழே போனாள். நான் ஹோலில் ஹீற்றர் துவாரத்துக்கு மேல் போய் நின்றேன். பேஸ்மென்டில் கதைப்பது அதுவழியாகத் தெளிவாகக் கேட்கும். உடுத்திருந்த சாரத்துக்குள் சூடான காற்று. வெட்கம்கெட்ட வேலை. நின்றேன்.

கு. சொல்கிறான்: "அக்கா, நேற்று என்னை நடுறோட்டிலை விட்டிட்டியள். உந்தக் கேள்விக்கு நீங்கள் ஒண்டும் எழுதித் தரேல்லை."

எழுதித் தரவில்லையா?

மலர்: "எனக்கும் உறைக்கேல்லைத் தம்பி. கேட்ட ஆளை விடும். கேள்வி நல்ல கேள்வி. இரவு முழுக்க யோசிச்சனான். இப்பிடிச் சொல்லும். கடன் குடுத்தவனுக்குத்தான் பயம் கூட. வாங்கினவன் விழுந்தால் இவன்ரை காசும் போச்சு, சாமான் வாங்கிறதுக்கும் ஆளில்லை. அதோடை பக்கத்து வீட்டுக்காரரை நினைச்சும் பயம். அதாலைதான் தேத்தண்ணியும் குடுத்து இருத்தி வைச்சிருக்கிறான். அந்த இடத்திலை நிப்பாட்டி மூச்செடும்."

"விறாந்தைக் கதிரை மாதிரி இன்னொண்டு சொல்லித் தாங்கோ அக்கா."

விறாந்தை அவளுடையது. கதிரை அவளுடையது. ஜெர்மனி, யப்பான், எல்லாம் அவளுடையது. அன்று உதடு அசைந்தது தான் எழுதியதைச் சரிபார்க்க.

இதோடு பொறாமை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, கூடித்தான் போச்சு. இவ்வளவு கதையையும் வாரம் வாரம் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சொன்னது எண்ணெய் பூசுங்கோ.

பெப்ரவரி 14, சனி

தரணி பள்ளிக்கூடத்தில் வெட்டிய சிவப்பு இதயத்தை ஃபிரிஜ்ஜில் ஒட்டியிருக்கிறாள். அதற்கு முன்னால் நின்றுதான் கேட்டேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

மலர் வெங்காயம் வெட்டிக்கொண்டே: "சொல்ல வெளிக்கிட்டனான். யப்பான் எண்டவுடனை கறிக்கு உப்புக் காணாதெண்டனீங்கள்."

"நீயே ரேடியோவிலை கதைச்சிருக்கலாமே."

"ரேடியோ ஸ்டேஷனிலை போய்க் கேட்டனான். சமையல் குறிப்பு செய்யச் சொல்லிச்சினம். குகன் வாசிக்கிறனெண்டான். வாசிச்சான்."

"அவனோடை மட்டும் மணித்தியாலக் கணக்காக் கதைக்கிறாய்."

கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது வெங்காயத்தாலோ என்னவோ.

"அவன் கேப்பான். நீங்கள் எனக்குப் பதில் சொல்லத் தொடங்கிடுவியள். இத்தனை வருசத்திலை நீங்கள் கேட்ட ஒரேயொரு நல்ல கேள்வி அலமாரிக்குள்ளை இருந்து கேட்டது. அதையும் என்னட்டைக் கேக்கேல்லை. அவனிட்டைக் கேட்டனீங்கள்."

வெங்காயத்தை வாங்கி மிச்சத்தை நான் வெட்டினேன். கண்டபடி வெட்டினேன். "உது என்ன வெட்டு" என்றாள். அந்த ஒரு சொல்லே பெரிய ஆறுதலாக இருந்தது.

பெப்ரவரி 17, செவ்வாய்

கு. மேலே வந்தான். "அண்ணை, வியாழன் அஜக்ஸ் நேயருக்கு அக்காவே பதில் சொல்லட்டும். ஸ்டேஷன்காரரோடை கதைச்சிட்டன்." சொல்லும்போது சிரிக்கவில்லை. நல்ல பெடியன் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

மலருக்கு நடுக்கம். இரண்டு தரம் சேலை மாற்றிப் பார்த்தாள். "ரேடியோவிலை ஆர் சேலை பாக்கப்போகினம்?" என்றேன். முறைத்தாள்.

பெப்ரவரி 19, வியாழன்

மழை. மலரையும் குகனையும் ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டு வந்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. தரணிக்கு டோஸ்ட் செய்த பாணும் முட்டையும்.

எட்டு மணி. ரேடியோ என் முன்னால், ஃபோன் பக்கத்தில், கொப்பி மடியில்.

முதலில் குரல் நடுங்கியது. பிறகு இல்லை. கடன் குடுத்தவனுக்குத்தான் பயம் கூட என்றாள், நிறுத்தி மூச்செடுத்தாள். யூனியன்விலிலிருந்து ஒருவர்: "மேடம், இவ்வளவு நாளும் எங்கை இருந்தனீங்கள்?" மலர் சிரித்தாள். வீட்டில் கேட்காத சிரிப்பு.

நானும் ஃபோன் எடுக்கிறேன். இந்த முறை மல்வேர்ன், சொந்தப் பெயர். கேள்வியும் வைத்திருக்கிறேன், உண்மையாகவே தெரியாத கேள்வி.

என்கேஜ்.

என்கேஜ்.

யூனியன்வில் ஆள் இரண்டாம் தரமும் எடுத்துவிட்டான். எனக்கு என்கேஜ்.

கிடைத்துவிட்டது. ஸ்டேஷன் பிள்ளை ஒன்று பெயர், இடம் கேட்டது. சிவநேசன், மல்வேர்ன். "அண்ணை, ரேடியோவைக் குறைச்சிட்டு லைனிலை நில்லுங்கோ. குறைக்காட்டி எடுக்கேலாது."

கையைத் திருகியில் வைத்தேன். மலர் ஜெர்மனி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், விறாந்தையை விட நல்லதொரு உதாரணம். குறைத்தால் அது போய்விடும்.

ஃபோனை வைத்துவிட்டேன். மலரைக் கூட்டிவரும்போது கேள்வியைக் காரில் கேட்கலாம்.

யூனியன்வில் ஆள் மூன்றாம் தரமும் லைனில். யார் உவன்?