எனக்கு நினைவில்லாத அருவி

செவ்வாய், இரவு.

புத்தூர் வீட்டிலிருந்து நைனா ஹாஸ்டலுக்குப் போன் செய்தார். "போன மாசம் கைலாசகோனா அருவியில எப்டி சிரிச்சிக்கினு இருந்த!" என்றார். எனக்கு அந்த நாளே நினைவில் இல்லை. சில மாதமாகப் பாடம் மறப்பது பழகிவிட்டது, ஒரு நாளே மறந்துபோவது வேறு. இந்த மறதிக்காக எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார் திருப்பதி டாக்டர்.

சமாளிக்கப் பார்த்தேன், முடியவில்லை. "ஞாபகம் இல்ல நைனா," என்றேன்.

"பரவால்லம்மா, நான் சொல்றேன் கேளு. தண்ணியில நின்னுக்கினு என்னையும் இழுத்த. நான் வழுக்கி உன் மேலயே வுழுந்தேன்," என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தத் தண்ணீரின் குளிராவது வராதா என்று கண்ணை மூடிப் பார்க்கிறேன். வரவில்லை. அவர் இன்று சிரித்தது மட்டும் காதில் இருக்கிறது. நாளைக்கும் இருக்க வேண்டும்.