வாயை நேராக்கவில்லை

தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுத வந்து, எடுத்த எடுப்பிலேயே பொய் எதற்கு என்று நிறுத்திக்கொண்டேன். நீங்களும் உங்கள் மனைவியும் சௌக்கியமாக இருப்பதாக உங்கள் அக்கா சொன்னாள்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் என்றால் பாதியில் வைத்துவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணனிடம் அப்படித்தான் வைத்தீர்கள். காகிதம் அப்படியில்லை, தூக்கிப் போட்டாலும் மேஜை மேல் கிடக்கும். தவிர, இதோடு ஒரு சுருளும் வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

நான் வரைந்த மாமாவின் படத்தை உங்கள் அக்கா போனில் எடுத்து உங்களுக்கு அனுப்பியதும், நீங்கள் அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தியதும் எனக்குத் தெரியும். அவர் பால்கனிக்குப் போய்ப் பேசினார். பேசினார் என்ன, ‘ம்’ கொட்டினார். பேசியதெல்லாம் நீங்கள். அடுப்படி வரைக்கும் கேட்டது. “அந்தக் கருமத்தைக் கிழிச்சுப் போடச் சொல்லு. எங்கப்பாவை அசிங்கப்படுத்த அவளுக்கு யாரு உரிமை கொடுத்தது?” என்றீர்கள். இத்தனை வருடம் அண்ணி என்று கூப்பிட்ட நான் ஒரே போனில் ‘அவள்’ ஆகிவிட்டேன். சரி. அண்ணன் உள்ளே வந்தார், படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினார், குளிக்கப் போய்விட்டார். நான் அதை நேராக மாட்டினேன். அவர் மறுபடி திருப்பினார். ஒரு வாரமாக இந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் நடக்கிற பேச்சுவார்த்தை இதுதான்.

இந்த வயதில் இவளுக்கு எதற்குப் படம் வரைகிற வேலை என்று கேட்டீர்களாம். மாமாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து இந்த வீட்டு வாசலைத் தாண்ட எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் அக்கா வந்து உட்காருவாள். அந்த நேரத்தில் பக்கத்துத் தெருவில், படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையின் மாடியில், பென்சிலால் முகம் வரையச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நீச்சல் சொல்லிக்கொடுத்திருந்தால் நீந்தியிருப்பேன்.

அந்த டீச்சருக்கு நாங்கள் வைத்த பேர் ரப்பர் டீச்சர். வகுப்பில் நுழைந்ததும் எல்லோருடைய ரப்பரையும் பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார். தப்பாகப் போட்ட கோடு கண் முன்னால் இருந்தால்தான் அடுத்த கோடு சரியாக விழும் என்பார். நான் முதலில் போட்ட கண், மீன் கடையில் கிடப்பது போல இருந்தது. உங்கள் அக்கா பார்த்துவிட்டு, முட்டைக்கு முடி முளைத்திருக்கிறது என்றாள். எல்லோரும் கண்ணை நெற்றியில் கொண்டுபோய் வைக்கிறார்கள், தலையை அளந்து பார்த்தால் அது நடுவில் இருக்கிறது. மூக்குக்குக் கோடே கிடையாது, நிழல் மட்டும்தான். கண்ணின் வெள்ளை வெள்ளை இல்லை. நமக்குத் தெரிந்த முகத்தைப் போடாமல் எதிரில் இருக்கிற முகத்தைப் போட வேண்டும் என்று டீச்சர் ஆரம்பத்திலிருந்து இதையே சொல்கிறார். கேட்கச் சுலபம். பென்சிலை எடுத்தால்தான் கை எவ்வளவு பொய் சொல்லும் என்று தெரிகிறது.

போட்டோவைப் பார்த்து வரையக் கூடாது, ஆளை உட்கார வைத்து வரைய வேண்டும் என்றார். இந்த வீட்டில் யார் உட்காருவார்கள்? உங்கள் அண்ணன் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறார், தலை தொங்கிவிடுகிறது. அசையாமல் உட்காருகிற ஆள் ஒருவர்தான் இருந்தார். ஜன்னலோரத்தில், கைவைத்த நாற்காலியில்.

தம்பி, ஒன்று சொல்கிறேன், நம்புங்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் மாமாவின் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் செருப்புச் சத்தம் தெரியும். பஸ் டிப்போவில் சூப்பர்வைசராக இருந்தபோது டிரைவர்களை அதட்டிய அதே குரலில் தண்ணீர் கேட்பார், அந்தக் குரல் தெரியும். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் தட்டு எந்தப் பக்கமாகப் பறக்கும் என்று தெரியும். நிமிர்ந்து முகத்தைப் பார்க்க மட்டும் தைரியம் வந்ததில்லை. டிப்போவிலும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினவன் கிடையாது என்று அவரே பெருமையாகச் சொல்வார்.

இப்போது அவரால் முகத்தைத் திருப்ப முடியாது. நான் பார்க்கலாம். மணிக்கணக்கில் பார்க்கலாம். பாசத்தால் பார்க்க ஆரம்பித்தேன் என்று உங்களிடம் நடிக்கப் போவதில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்துதான் நாற்காலியை எதிரில் இழுத்துப் போட்டேன்.

முதல் நாள் திட்டினார். பேச்சில் நல்ல வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன, வசவு மட்டும் சேதமில்லாமல் இருக்கிறது. நோய் அப்படித்தான் செய்யும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அடுத்த நாள் இடது கையால் டம்ளரை எறிந்தார், வரைகிற பலகையில் பட்டுத் தெறித்தது. நான் நாற்காலியை அவர் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்திக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டிப் பிடித்து, அவர் மூக்கை அளந்தேன். அவர் முறைத்தார். நான் முறைப்பையும் வரைந்தேன். இப்படியே வாரங்கள் போயின. இந்த வீட்டில் அவரும் நானும் அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்தது அதுதான் முதல் தடவை.

ஒருநாள் இடது கையை நீட்டி, கொண்டு வா என்று சைகை காட்டினார். படத்தை அவர் மடியில் வைத்துப் பிடித்தேன். நெற்றி, கண், கன்னத்துப் பள்ளம் எல்லாம் ஓரளவு வந்திருந்தன. வாயை மட்டும் நேராகப் போட்டிருந்தேன். மரியாதை என்று நினைத்துப் போட்டேனா, கை தானாகப் போட்டதா, தெரியவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “யாரு இவன்?” என்றார். கட்டை விரலை வாயின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். கரி அப்பி வாய் இருந்த இடம் கறுப்பாகிவிட்டது. “கோணல் போடு” என்றார். அத்தனை மாதத்தில் வசவு இல்லாமல் அவர் என்னிடம் பேசியது அந்த நாலு வார்த்தைதான்.

புதுக் காகிதத்தில் முதலிலிருந்து போட்டேன். வலது பக்கம் இறங்கிப்போன வாய், மூடாத இமை, தாடையில் ஈரம் எல்லாவற்றையும் போட்டேன். முடிந்ததும் முன்னறையில் மாட்டச் சொன்னதும் அவர்தான். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கையால் வாசலைக் காட்டினார். அசிங்கப்படுத்தியது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

யூனிஃபார்மில் அவர் நிற்கிற பழைய போட்டோவை அனுப்பி, அதைப் பார்த்து ஒரு படம் போட்டுத் தரச் சொல்லியிருந்தீர்கள், உங்கள் புது வீட்டுச் சுவருக்கு. போடத் தெரியாமல் இல்லை. போட மாட்டேன். அவருக்கு இப்படி ஆன பிறகு நீங்கள் ஒருமுறைகூட வரவில்லை. அப்பாவை அந்த நிலையில் பார்க்க முடியாது என்று அக்காவிடம் சொன்னீர்களாம். அந்த வசதி எங்கள் யாருக்கும் இல்லை. உங்களுக்காக அந்த முகத்தையே அனுப்புகிறேன். மாட்டுவதும் மாட்டாததும் உங்கள் இஷ்டம்.

அங்கே குளிர் காலம் வருகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணி என்கிற அவள்

\*

அண்ணிக்கு,

சுருள் வந்தது. பிரித்தேன். மறுபடி சுருட்டித் துணி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கிழிக்கவில்லை. அதை உங்களுடைய ஜெயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போனில் பேசியதற்கு வருத்தப்படுகிறேன் என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அவர் எப்போது விழுவார் என்று காத்திருந்தீர்கள், விழுந்ததும் பென்சிலை எடுத்தீர்கள். மோசமாக வரைந்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். நன்றாக வரைந்திருக்கிறீர்கள். தாடையில் எச்சில் மினுங்குகிறது. என் மனைவி பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

நீங்கள் அவருடைய செருப்புச் சத்தத்தோடு வாழ்ந்தீர்கள். நாங்கள் முகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அவர் வாயைத்தான். உதடு இறுகியிருந்தால் அன்றைக்கு அடி உண்டு. அண்ணன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். நான் நிற்பேன். நான் ஊரை விட்டுக் கிளம்பி வந்த அன்று அந்த வாய் சொன்னது, “நீ உருப்பட மாட்டடா.” அந்த வாய்க்கு எதிரில் போய் நின்று, உருப்பட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என்றுதான் இங்கே மாடு மாதிரி உழைத்தேன். வேறு எதற்காகவும் இல்லை. இப்போது நீங்கள் அனுப்பியிருக்கிற வாயிடம் போய் நான் என்ன சொல்ல முடியும்? நேராக இருக்கிற முகத்தோடுதான் எனக்குச் சண்டை. அதற்குத்தான் அந்த போட்டோவைக் கேட்டேன்.

போட்டுத் தர மாட்டீர்கள் என்றால் வேண்டாம். இனி எனக்கு எழுதவும் வேண்டாம். அண்ணனிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தம்பி

\*

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். இந்தக் குடும்பத்தில் யார் சொல்லை யார் கேட்டிருக்கிறோம்?

உங்கள் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அண்ணன் வேண்டாம் என்றார். அவருடைய அப்பாவுக்கு வந்த சேதி, மறைக்க எனக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டுப் படித்தேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். ‘உருப்பட மாட்டடா’ வந்ததும் கண் திறந்தது. அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். அண்ணன் கட்டிலுக்கு அடியில் போன இடத்தையும் படித்தேன். அண்ணன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

அவர் அழுதார், மன்னிப்புக் கேட்டார் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். அதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. சிரித்தார். இடது பக்கம் மட்டும் சிரித்தது. பிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்து, “சொன்னேன். ஆமா. வரச் சொல்லு, தடியனை” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அடுப்படியில் இருந்த என்னைக் கூப்பிட்டு, “வந்தானா?” என்று கேட்டார். அதிலிருந்து வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் கேட்கிறார். பால்காரன் வந்தாலும் கேட்கிறார்.

எனக்கும் அவருக்கும் ஒன்றும் சரியாகிவிடவில்லை. நான் மறக்கவும் இல்லை, அவர் மாறவும் இல்லை. நேற்றுக்கூட மருந்தைத் துப்பிவிட்டு, என்னைப் பெற்றவளைத் திட்டினார். ஆனால் ஒன்று, திட்டும்போது இப்போது என் முகத்தைப் பார்த்துத் திட்டுகிறார். நானும் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை அவருக்கு மறுபடி ஒருமுறை பக்கவாதம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் உங்கள் அண்ணனை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, “எப்படிப் பார்க்கணும்?” என்றார். ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். இரண்டையும் மூடிக்கொண்டார். பழகிவிடுவார்.

நான் இன்னொரு படம் தொடங்கியிருக்கிறேன். முடியவில்லை. ஒரு நாள் போட்ட கன்னம் இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அங்கே இல்லை. கண்ணுக்குக் கீழே நிழல் போட்டு முடிப்பதற்குள் பள்ளம் இன்னும் இறங்கிவிடுகிறது. டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எப்போதும் குறை சொல்கிறவர், இந்த முறை டிராயரைத் திறந்து என் ரப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேகமாகப் போடுங்கள் என்று மட்டும் சொன்னார். எனக்கு வேகமாகப் போடத் தெரியாது தம்பி.

நேரான முகத்தோடுதான் சண்டை போடுவேன் என்றால், அப்படி ஒரு முகம் இந்த வீட்டில் இல்லை. இருக்கிற முகம் சண்டைக்குத் தயாராகத்தான் இருக்கிறது. நாலு வார்த்தை மிச்சம் இருக்கிறது, அதில் மூன்று உங்களுக்காக வைத்திருக்கிறார். உருப்பட்டுவிட்டேன் என்று வந்து சொல்லுங்கள், கத்திச் சொல்லுங்கள், வலது காது கேட்கவில்லை. நான் உங்கள் பக்கமும் பேச மாட்டேன், அவர் பக்கமும் பேச மாட்டேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

பெட்டி கட்டிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம், இங்கே உங்கள் அண்ணன் சட்டைகள் உங்களுக்குச் சரியாகத்தான் இருக்கும். நல்லபடியாக வந்து சேருங்கள்.

அண்ணி