முப்பத்தோராம் பக்கம்

தாயில்பட்டி,
12.3.2024

அன்புள்ள கீர்த்தி,

நலமா? பத்ரகாளியம்மன் கோயிலில் உன் அம்மாவைப் பார்த்தேன். அந்த நெதர்லாந்துக் குளிரில் தொப்பிகூடப் போடாமல் சைக்கிளில் போகிறாயாம், வருத்தப்பட்டார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நம் ஆய்வறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் நேற்று வந்தது. மூன்று நாட்டுப் பல்கலைக்கழக முத்திரைகள், வழவழப்பான அட்டை. பட்டாசு ஆலை வேலை முடிந்து வந்த அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "நாங்க சொன்னதெல்லாம் இதுக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டாள். வாசித்துக் காட்ட உட்கார்ந்தேன். முப்பத்தோராம் பக்கத்தில் வாய் நின்றுவிட்டது. "பட்டாசு ஆலை விபத்துகளுக்குத் தொழிலாளர்களிடையே விழிப்புணர்வு இன்மையே முதன்மைக் காரணம்."

இதை யாரடி சொன்னது? முந்நூற்று நாற்பது வீடுகளுக்கும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு நான்தானே போனேன்? ஒருத்தியும் இப்படிச் சொல்லவில்லையே! பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் ராமுத்தாய் அக்கா சொன்னதை எழுத்து மாறாமல் உனக்கு அனுப்பினேன்: "நாலு பேருக்குன்னு லைசென்ஸ் வாங்குன ரூம்ல பன்னெண்டு பேர உக்கார வைக்காக. தீப்பிடிச்சா எங்கிட்டு ஓட? இது தெரியாமலா உக்காந்திருக்கோம்?"

உரிமம் ஒருவர் பெயரில், குத்தகைக்கு எடுத்தவர் இன்னொருவர், அவரிடமிருந்து அறை அறையாகப் பிரித்து எடுத்தவர்கள் வேறு நாலு பேர். அந்த உள்குத்தகை பற்றி நீயும் நானும் எட்டுப் பக்கம் எழுதினோமே, அது எங்கே போயிற்று?

பதில் எழுது.

உன்,
பாண்டிலட்சுமி

*

ஊட்ரெக்ட், நெதர்லாந்து,
15.3.2024

அன்புப் பாண்டி,

உன் கோபம் நியாயம்தான். அந்த எட்டுப் பக்கமும் கடைசி வரைக்கும் இருந்தது. உள்குத்தகை என்று அச்சில் வந்தால் பேச்சுவார்த்தைக்கே வரமாட்டோம் என்று அங்குள்ள அரசு அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். ஆய்வுக் கூட்டுக்குழுவில் இருக்கும் மற்ற இரண்டு நாட்டுக்காரர்களும் எடுத்துவிடலாம் என்றார்கள். நான் தனியாக நின்றேன். அப்புறம் நானும் தலையாட்டிவிட்டேன்.

சாத்தூரில் படிக்கும்போது என்ன சொல்லிக்கொள்வோம்? ஆராய்ச்சி அலமாரியில் தூங்கக் கூடாது, அரசாங்கத்தின் உத்தரவாக வெளியே வரவேண்டும் என்றுதானே? 'விழிப்புணர்வு' என்ற சொல்லை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதை வைத்து உள்ளே நுழைந்திருக்கிறோம். ஏப்ரலில் எல்லா ஆலைகளிலும் பாதுகாப்புப் பயிற்சி தொடங்கப்போகிறது. உள்குத்தகையை இரண்டாம் கட்ட ஆய்வில் எடுப்போம். அதற்குக் கள ஒருங்கிணைப்பாளர் நீதான். நியமனக் கடிதம் வரும்.

ராமுத்தாய் அக்காவைக் கேட்டதாகச் சொல். சேவுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, "தின்னுக்கிட்டே கேளுங்க தாயி" என்றது இன்னும் காதில் இருக்கிறது.

என்றும் அன்புடன்,
கீர்த்திகா

*

தாயில்பட்டி,
24.7.2024

கீர்த்தி,

ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் ராமுத்தாய் அக்கா வேலை பார்த்த அறை வெடித்தது. மூன்று பேர் அங்கேயே போய்விட்டார்கள். அக்கா வாசலோரம் இருந்ததால் உயிர் பிழைத்தாள். இரண்டு கையும் வெந்துவிட்டது. தீக்காய வார்டில் இருந்து இப்போதுதான் வருகிறேன்.

அழுவதற்காக இதை எழுதவில்லை. உன் பயிற்சி எப்படி நடந்தது தெரியுமா? சாயங்காலம் வீடு திரும்ப ஆலை வேன் வந்து நிற்கிற நேரத்தில் கால் மணி நேரம் ஒருவர் பேசினார். போர்மேன் பதிவேட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கினார். அந்தப் பதிவேடு இப்போது விசாரணையில் இருக்கிறது. "இவர் பயிற்சி பெற்றவர். கவனக்குறைவால் விபத்தை உண்டாக்கினார்" என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆதாரமாக நம் அறிக்கையின் முப்பத்தோராம் பக்கத்தை நகலெடுத்து இணைத்திருக்கிறார்கள். செத்துப்போன மூன்று பேரின் பழியும் அக்கா தலையில்.

ஆகஸ்ட் பன்னிரண்டில் விசாரணை. எடுத்துப்போட்ட எட்டுப் பக்கத்தையும் உன் கையெழுத்தோடு விசாரணை அதிகாரிக்கு அனுப்பு. வேறெதுவும் கேட்கவில்லை.

பாண்டிலட்சுமி

*

ஊட்ரெக்ட்,
30.7.2024

பாண்டி,

மூன்று நாளாகச் சாப்பிட முடியவில்லை. ஆனால் அந்தப் பக்கங்கள் என்னுடையவை அல்ல, கூட்டுக்குழுவின் உடைமை. ஒப்பந்தத்தை மீறினால் என் வேலை மட்டுமல்ல, மொத்தத் திட்டமும் நின்றுபோகும். பெயர் வெளியே வராது என்று சொல்லித்தானே அந்தப் பெண்களிடம் பேசினோம்? அதையும் யோசி. அக்டோபரில் குழு கூடும்போது நிச்சயமாகப் பேசுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள், பாண்டி.

கீர்த்தி

*

தாயில்பட்டி,
14.8.2024

மதிப்பிற்குரிய முனைவர் கீர்த்திகா அவர்களுக்கு,

வணக்கம். விசாரணை முந்தாநாள் சாத்தூரில் நடந்து முடிந்தது.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே பழைய வீடுகளுக்குப் போனேன். இந்த முறை கையில் படிவம் இல்லை. "அன்னைக்கு எங்கிட்டச் சொன்னத, உங்க பேரச் சொல்லி ஆபீசர்கிட்டச் சொல்லுவீகளா?" என்று கேட்டேன். பல பேர் கதவைச் சாத்தினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நாற்பத்தேழு பேர் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள்.

அதிகாரி அறிக்கையைத் தூக்கிக் காட்டி, "வெளிநாட்டுப் பல்கலைக்கழகமே இப்படிச் சொல்லுதேம்மா?" என்றார். ராமுத்தாய் அக்கா எழுந்து நின்றாள்.

"அய்யா, அவுக வந்து கேட்டது எங்கிட்டத்தான். நான் இப்பிடிச் சொல்லல. அன்னைக்குச் சொன்னத இப்பச் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."

அரை மணி நேரம் பேசினாள். கைகளில் கட்டு இருந்ததால், கால் பெருவிரலில் மை தடவி ரேகை வைத்தாள். அவளுக்குப் பின்னால் நாற்பத்தேழு பேரும் வரிசையாகப் பேசினார்கள். அக்கா மேல் தவறில்லை, உள்குத்தகையும் அளவுக்கு மேல் ஆள் வைத்ததும்தான் காரணம் என்று நேற்று உத்தரவு வந்துவிட்டது.

சாட்சி சொன்னவர்களில் பதினொரு பேரை இன்று காலை ஆலை வேனில் ஏற்றவில்லை. என் அம்மாவும் அதில் ஒருத்தி. எங்கே முறையிடுவது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாம் கட்ட ஆய்வுக்கான நியமனக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இன்னொரு வேண்டுகோள்: அறிக்கையின் நன்றிப் பட்டியலில் ஆறாவதாக என் பெயர் இருக்கிறது. அடுத்து அச்சடிக்கும்போது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சி. பாண்டிலட்சுமி