முனகாதீங்க, பாவா

பாவா,

இன்று காலை கடைக்கு வந்த ஒரு நோயாளியைத் திட்டிவிட்டேன். அம்மையார்குப்பத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். பயாப்ஸி ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி... முடியலியே..." என்று ஒரு முனகல் முனகினார். வந்தது சைக்கிளில். அதை அவரே தூக்கி ஸ்டாண்டு போட்டதையும் நான் பார்த்தேன்.

"இன்னாத்துக்குங்க முனகுறீங்க?" என்றேன்.

"மெட்ராஸ் ஆஸ்பத்திரியில புது மருந்துக்கு ஆள் எடுக்கறாங்களாம். முனகினாத்தான் சேர்ப்பாங்கன்னு ஊர்ல சொன்னாங்க. பழகிகினு இருக்கேன்."

எனக்கு வந்ததே கோபம்! "முனகாதீங்க! ஒரு தடவை முனகிப் பட்டது போதும்!" என்று நான் கத்திய கத்தலில், பட்டா நகலுக்கு நின்றிருந்த இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள். அப்புறம்தான் உங்கள் ஞாபகம் வந்தது. முனகச் சொல்லிக் கொடுத்த புண்ணியவதியே நான்தானே.

உங்களுக்குப் பெருங்குடலில் கேன்சர் வந்து, ஆபரேஷன் ஆகி, இரண்டு வகை மருந்து ஏற்றியும் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று சொன்ன அன்று, உங்களைக் கட்டிய என் அக்கா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. நீங்கள் நேராக என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். "புது மருந்த யார் மேலயாவது போட்டுப் பார்ப்பாங்களாமே, அதுல எனக்கு ஒரு இடம் பாரும்மா. பெருசா ஒன்னும் கேக்கல. இன்னும் ஒரே ஒரு ஆடிக் கிருத்திகை" என்றீர்கள். முப்பது வருஷம் பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவருக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாமே அதுதான். காவடியோடு வருகிற கூட்டத்தை நசுங்காமல் ஏற்றி, வாயில் விசிலை வைத்தபடியே அரோகரா சொல்ல உங்களால்தான் முடியும்.

தேடினேன். மருந்து ஆய்வுகளுக்கென்று அரசாங்கப் பதிவேடு ஒன்று இணையத்தில் இருக்கிறது. தாலுகா ஆபீஸ் எதிரே உட்கார்ந்து, சாதிச் சான்று, முதியோர் பென்ஷன் என்று நாளெல்லாம் விண்ணப்பம் போடுகிற எனக்கு இதெல்லாம் ஒரு காரியமா என்று நினைத்தேன். காரியம்தான். ஒன்றில் ஆள் சேர்த்து முடிந்திருந்தது. ஒன்று வடநாட்டில். ஒன்றுக்கு இதுவரை மருந்தே ஏற்றாதவர் வேண்டுமாம். இன்னொன்றுக்குக் கட்டியில் ஏதோ ஒரு மரபணு மாறாமல் இருக்க வேண்டுமாம். நான் ஒவ்வொன்றாகப் படிக்க, நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். "பொண்ணு பார்க்க வர்றவங்க கூட இவ்ளோ கேக்க மாட்டாங்க. இடமே இல்லாத வண்டியில முப்பது வருஷம் ஆள் ஏத்தினவன்மா நான். இவங்க இடத்த வச்சிகினே இல்லைன்றாங்களே!"

ஏழெட்டு நம்பருக்குப் போன் போட்டதில் ஒன்றைத்தான் எடுத்தார்கள். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி. ஆய்வுக்கு வருகிறவர்களைக் கவனிக்கிற ஒரு பெண் பேசினாள். முதல் ஆபரேஷனில் எடுத்த கட்டியின் துண்டு, லேபில் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதை வாங்கி வரச் சொன்னாள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடணுமான்னு கேளும்மா" என்று நீங்கள் சத்தமாகச் சொல்ல, அரக்கோணத்தில் ஏறிய அம்மா ஒருத்தி "இன்னாங்க அது?" என்று கேட்டுத் தொலைத்தாள். நீங்களும் விளக்கமாகச் சொல்லிவிட்டீர்கள். திருவள்ளூர் வரை எதிர் சீட்டு காலியாகவே வந்தது.

துண்டைச் சோதித்ததில், அந்த மரபணு மாறாமல் இருந்தது. டாக்டர் நேரில் பார்த்துச் சேர்ப்பதுதான் பாக்கி. அங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். அதிகாரி முன்னால் எவ்வளவு மோசமாக நிற்கிறோமோ, அவ்வளவு சீக்கிரம் கையெழுத்து விழும். இருபது வருஷம் தாலுகா ஆபீஸ் வாசலில் நான் படித்த படிப்பு அது. "ஷேவ் பண்ணாதீங்க பாவா. கிழிஞ்ச சட்டை போடுங்க. வீல்சேர்ல உட்கார்ந்து நல்லா முனகுங்க" என்றேன். நீங்களும் தட்டாமல் செய்தீர்கள். பகலில் எவ்வளவு நேரம் படுத்திருப்பீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "எழுந்திருச்சாத்தானேங்க மறுபடி படுக்கறதுக்கு" என்றீர்கள் பாருங்கள், எனக்கே கண் கலங்கிவிட்டது.

டாக்டருக்கும்தான். நடந்து திரிந்து தன் வேலையைத் தானே பார்க்கிறவர்களைத்தான் இதில் சேர்க்க முடியும், இந்த உடம்பு தாங்காது என்று மெதுவாகச் சொன்னார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பார்த்துக்குங்க."

வெளியே வந்து வீல்சேரைத் திருப்பிக் கொடுத்தோம். உங்கள் ஆடிக் கிருத்திகையை என் கையாலேயே அழித்துவிட்டேன் என்று தோன்றியது. கேட்டருகே சென்ட்ரல் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கத்திக்கொண்டே ஓடினீர்கள். ஓடுகிற வண்டியில் தாவி, என்னையும் கை கொடுத்து இழுத்துப் போட்டு, பழக்க தோஷத்தில் நீங்களே விசிலும் அடித்தீர்கள். அந்தக் கண்டக்டர் முறைத்தார். கேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த அந்த ஆஸ்பத்திரிப் பெண், கையில் கடித்த வடையோடு, வாயைத் திறந்தபடி நின்றதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அடுத்த ஸ்டாப் வருவதற்குள் போன். "ஓடிப் போயி பஸ்ல ஏறினது வீல்சேர் ஐயாவா?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். அவள் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே! "பொய் சொன்னா சேர்த்துக்க மாட்டோம்ங்க. நல்லா இருக்கேன்னு சொன்னாலும் பொய் பொய்தான், நல்லா இல்லன்னு சொன்னாலும் பொய் பொய்தான். அடுத்த வாரம் மனுஷன மாதிரி வரச் சொல்லுங்க."

அடுத்த வாரம் ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், மூன்று மாடி ஏறிப் போனீர்கள். மேலே போய் மூச்சு வாங்கியதையும் மறைக்காமல் சொன்னீர்கள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி சோதித்தார். சம்மதப் படிவத்தை வரிவரியாகப் படித்துக் காட்டி, கேமராவை வைத்து, என்ன புரிந்தது என்று கேட்டார்கள்.

"புது மருந்தா பழைய மருந்தான்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். வண்டி ஊர் போய்ச் சேரும்னு யாரும் வாக்கு குடுக்கல. எந்த ஸ்டாப்லயும் இறங்கிக்கலாம், யாரும் கோச்சுக்க மாட்டாங்க. உள்ள இருக்கற வரைக்கும் உடம்புக்கு இன்னா ஆனாலும் மறைக்காம சொல்லணும். ஆங், அவ்ளோதானேங்க?"

அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

கம்ப்யூட்டர் உங்களுக்குப் புது மருந்தைக் கொடுத்தது. மருந்து உங்களுக்கு முகம் நிறையப் பருவைக் கொடுத்தது. ஐம்பத்தெட்டு வயதில் பரு! அக்கா மஞ்சளை அரைத்துக்கொண்டு ஓடிவர, "கேக்காம எதுவும் பூசக்கூடாது, ஆஸ்பத்திரி ரூல்" என்று வீடு முழுக்க ஓடினீர்கள். அவர்கள் கொடுத்த டைரியில் தினமும் எழுதினீர்கள். ஒரு பக்கம் எனக்கு மனப்பாடம்: "பேதி நாலு முறை. அஞ்சுன்னு எழுத ஆசை. நாலுதான்."

ஆடிக் கிருத்திகை வந்தது. பருவில் வெயில் படக்கூடாது என்று தொப்பி போட்டுக்கொண்டு, பரு முகத்தோடு பஸ் ஸ்டாண்டில் நின்று, "உள்ள போ, உள்ள போ, இடம் இருக்குது!" என்று யாரும் கேட்காமலே கூட்டத்தை ஏற்றினீர்கள். நான் ஒரு பூக்கடைக்குப் பின்னால் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான் பாவா.

ஐப்பசியில் எடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. மருந்தை நிறுத்திவிட்டார்கள். மார்கழியில் ஒரு நாள், படுக்கையில் இருந்தபடி, "எப்படிம்மா இருக்கேன்?" என்று கேட்டீர்கள். "நல்லா இருக்கீங்க பாவா" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சிரித்தீர்கள். "பொய் சொன்னா சேர்த்துக்க மாட்டாங்கம்மா."

இன்று அந்த மனிதரை பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். நீங்கள் ஓடிப் போய் பஸ் ஏறின இடம் வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அந்த ஐயா இப்ப எப்படி இருக்காருங்க?" என்று கேட்டார்.

நல்லா இருக்காரு என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த ஆளின் முகம் அப்படி இருந்தது பாவா.

"போயிட்டாருங்க" என்றேன். "கேட்ட ஆடிக் கிருத்திகை கிடைச்சுது. அடுத்தது கிடைக்கல."

அவர் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, எதையும் பிடிக்காமல், நேராக நின்றார்.

"அந்த நம்பர எழுதிக் குடுங்கம்மா. நான் சைக்கிள்ல வந்தேன்றதையும் எழுதுங்க."

எழுதிக் கொடுத்தேன், பாவா.