நாவூறு வைத்தவள்

அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. இந்தச் சாமத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்காதீங்க, மகள் இப்பதான் தூங்கினாள். வாப்பாட முழங்கால் நோவு எப்படி?

இங்க தோஹாவில் எல்லாரும் சுகம். சாச்சிட மகள் அப்ரா, பெல்ட் பூட்டு உடைஞ்ச கார் சீட்டில் மகனைச் சால்வையால கட்டியிருந்தாள். “சடாரெண்டு பிரேக் பிடிச்சா புள்ள தெறிச்சிடும்டி,” எண்டேன். “என்ட புள்ளைக்கு நாவூறு வைக்காதீங்க ராத்தா, உங்கட வாய்ச்சொல் பலிச்சிடும்,” எண்டாள். மறுநாள் அவனுக்குக் காய்ச்சல். என்ட நாவூறுதான் எண்டு கதை பரவி, இப்ப இங்க இருக்கிற நம்மட ஊராக்கள் யாரும் எங்கட வீட்டுப் பக்கம் வாறதில்லை.

அதையும் தாங்கினேன். ஆனா அப்ரா உங்களிட்ட அழுதவுடனே என்னை ஒரு வார்த்தை கேட்காம, நீங்க போனிலேயே அவனுக்கு நாவூறு போக ஓதி ஊதினீங்களாமே! பெத்த மகளை நீங்களே காட்டிக்கொடுத்திட்டீங்க.

சம்பலுக்கு மாசித்தூள் கொஞ்சம் அனுப்புங்க. அந்தச் சீட்டை மாத்தச் சொல்லி அப்ராவுக்கு நீங்களே கதைங்க, உங்கட சொல்லைத்தான் கேட்பாள். கெதியா பதில் போடுங்க உம்மா.

ஹுஸ்னியா