எட்டு வீட்டுச் சந்துக்கு ஒரு பெயர்

மச்சான், இன்று காலை தார் வாசனை மூக்கில் ஏறியதும் சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் வாசலுக்கு ஓடினேன். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் சாலை போடப்போகிறார்கள் என்று குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் நேற்றே படத்தோடு செய்தி வந்திருந்தது. உருளை இயந்திரம் நம் சந்து முனைவரை வந்தது. நின்றது. அப்படியே திரும்பிப் போய்விட்டது.

பொறுப்பாக நின்றவன் புக்கிட் செந்தோசாவிலிருந்து வந்த நம்ம ஆள். கையில் ஒரு தாள் வைத்திருந்தான்.

"ஏம்பா, இந்தச் சந்து?"

"லிஸ்ட்ல இல்ல லா அங்கிள்."

"எட்டு வீடு இருக்குதே, கண்ணு தெரியலியா?"

"எனக்குத் தெரியுது அங்கிள். லிஸ்டுக்குத் தெரியலியே. இந்தச் சந்துக்குப் பேரு என்ன?"

நீ இருந்திருந்தால் அந்த இடத்தில் என்னை முறைத்திருப்பாய். நானும் உன்னை முறைத்திருப்பேன்.

ரப்பர் தோட்டத்தை விற்று, லய வீடுகளை இடித்து, நம்மை இங்கே அனுப்பிய சமயம் நகர மன்றத்திலிருந்து ஒருவர் வந்து சந்துக்குப் பெயர் வைக்கப் பாரம் கொடுத்தது உனக்கு மறந்திருக்காது. ஒரே பெயரை எழுதி, எட்டு வீடும் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். நான் என் அப்பா பெயரைச் சொன்னேன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய மண்டோராக இருந்தாலும், இந்த வீடுகளுக்காகத் துரையின் ஆபீஸ் படியேறியவர் அவர்தான். நீ 'ஏழாங்கட்டை' என்றாய். ஏழாவது மைல்கல் பக்கம் இருந்ததால் எல்லோரும் நம் தோட்டத்தை அப்படித்தான் சொன்னார்கள்.

"வெள்ளைக்காரன் நட்ட கல்லு பேருல இன்னும் எத்தன காலம்டா கெடப்போம்?" என்று கேட்டேன்.

"தபால் அந்தப் பேருக்குத்தான் வருது. பொணமும் அங்கேருந்துதான் போவுது. உங்கப்பாவே அங்கேருந்துதான் போனாரு" என்றாய். அதோடு விட்டாயா? "காய்ச்சல்ல கெடந்த எங்கம்மாவ எழுப்பிப் பால் வெட்ட வெரட்டுன ஆளு பேரு மேல நான் தெனம் நடக்கணுமா? பேசாம இரு மச்சான்."

நாலு வீடு உன் பக்கம், நாலு வீடு என் பக்கம். நாலு முறை கூட்டம் போட்டோம். நடுவில் ஒருவர் பாவம், மூன்றாவதாக ஒரு பெயர் சொல்ல வாயைத் திறந்தார். அவரை அதட்டியதில் மட்டும் நாம் இருவரும் ஒன்று சேர்ந்தோம். கெடு தாண்டிப் போனது. தண்ணீர் பில்லும் கரண்டு பில்லும் வீட்டு லாட் எண்ணுக்கு வந்துகொண்டிருந்தன. பெயரை யார் தேடினார்கள்?

இப்போது தேடவேண்டியிருக்கிறது. நீ கண்ணை மூடிய பிறகு தங்கச்சிக்கு, உன் பெண்டாட்டிக்கு, சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போகிறாள். ஒருமுறை சக்கரம் பள்ளத்தில் இறங்கியதிலிருந்து அவளைக் கூட்டிப்போகும் வேன் சந்துக்குள் வருவதில்லை. உன் வீடு கடைசி வீடு. முனைவரை நடந்துதான் போகவேண்டும். போன மாதம் சேற்றில் விழுந்து முட்டி வீங்கிவிட்டது. அதிலிருந்து குடையும் கம்புமாக நான் கூடப் போகிறேன்.

அதனால் தார்க்காரனை விட்டுவிட்டு நேராக மன்றத்துக்குப் போனேன். புகார்க் கடிதம் எழுதி எழுதியே மலாய் கற்றவன் நான். மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனேன். முகப்பில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். சாலைப் பெயர் இல்லாமல் புகார் கம்ப்யூட்டருக்குள் போகாதாம். பெயர் வைக்கப் பாரம் கேட்டேன். இப்போதெல்லாம் மனிதர் பெயர் கிடையாதாம், கட்டையும் கிடையாதாம். இந்த வட்டாரத்துக்குப் பூப் பெயர் என்று முடிவாகிவிட்டது. நமக்கு வந்திருப்பது ஜாலான் மெலூர் நாலு, அதாவது நாலாம் மல்லிகைச் சாலை.

மேசையைத் தட்டினேன். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் பால் வெட்டியவர்களுக்கு ஒரு பெயர் வைக்க உரிமையில்லையா என்று கேட்டேன். ஆட்சேபம் எழுதித் தரலாம் என்றாள். விசாரணை முடியும்வரை சாலை வேலை நடக்காது. தங்கச்சியின் முட்டி நினைவுக்கு வந்தது. ஆட்சேபம் எழுதாமல், பூப் பெயருக்குச் சம்மதம் என்று எட்டு வீடும் கையெழுத்துப் போடும் பாரத்தை வாங்கிக்கொண்டேன்.

உனக்கு விட்டுக்கொடுக்காததை, உன்னை ஒருநாளும் பார்த்திராத ஒரு பெண்ணிடம் விட்டுக்கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன் மச்சான். வழியெல்லாம் உன்மேல்தான் கோபம். ஒரே ஒரு கூட்டத்தில் நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா?

சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். தங்கச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்தாள்.

"பூவோ கல்லோ, வேன் வாசலுக்கு வந்தா போதும்ணே. ஒங்க ரெண்டு பேரு சண்டையில என் முட்டிதான் தேஞ்சுது."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏழு கையெழுத்து ஆகிவிட்டது. எட்டாவது என்னுடையது. இப்போதுதான் போட்டேன்.

பாரத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. 'முன்பு வழங்கிய பெயர், இருந்தால்.' அப்பா பெயரை எழுதத்தான் கை போனது. ஆனால் இந்த இடத்தை யாரும் ஒருநாளும் அந்தப் பெயரில் அழைத்ததில்லை. ஏழாங்கட்டை என்று எழுதினேன். நீ ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. கேட்டார்கள், உண்மையை எழுதினேன், அவ்வளவுதான்.

உன் அம்மாவுக்கு அன்று காய்ச்சல் என்பது என் அப்பாவுக்குத் தெரியாது. அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், இப்போதும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது, அது தெரியுமா என்று அவரிடம் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. உன்னிடம் சொல்லாத அதைத்தான் குடையோடும் கம்போடும் சேர்த்து முனைவரை தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.